அவிலா தெரசம்மா கோட்டைக்கு பாக்தாத்ல இருந்து செங்கல் வந்துச்சா?

மழைக்காகம்
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா எட்டிப் பாத்துட்டு மட்டும் போயிட்டிருந்தேன், ஒரு விஷயம் மண்டைய குடையுது அதான் இழை தொறந்துட்டேன். தவக்காலத்துல எங்க பங்குல மூணு நாள் தியானம் வச்சாங்க, வெளியூர்ல இருந்து வந்த சாமியார் ஒரு சாயங்காலம் முழுக்க ஸ்பெயின் நாட்டு கார்மேல் சபைத் துறவி அவிலா தெரேசா எழுதின 'உள்ளக் கோட்டை' பத்தியே பேசினார். 1577-ல எழுதினது. நம்ம ஆன்மாவ ஒரே வைரத்துல கடைஞ்ச கோட்டையா நினைச்சுக்கணும், உள்ள ஏழு மாளிகை, நட்டநடுவுல ராஜா இருக்கார், வெளிய மதில ஒட்டி பாம்பு பல்லின்னு கண்டதும் ஊர்ந்துக்கிட்டு கிடக்கும், நாம பாதி பேர் வாழ்நாள் பூரா அந்த மதில் பக்கமே நின்னுட்டு உள்ள காலெடுத்து வைக்காமலே போயிடறோம். இதான் சாரம்.

மறுநாள் ஆபீஸ்ல டீ குடிக்கறப்ப பக்கத்து சீட் நண்பர்கிட்ட சொன்னேன், அவர் முஸ்லிம், கேட்டுட்டு சிரிச்சாரு. "இது எங்க ஆளுங்க சொன்னதுல்ல"ன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி உக்காந்து தேடினா அவர் சொன்னது சும்மா இல்ல. பாக்தாத்ல அபுல் ஹுசைன் அந்நூரின்னு ஒரு சூஃபி, அதாவது இஸ்லாமிய ஞானி, 907 வாக்குல இறந்தவர், 'மகாமாத்துல் குலூப்'னு ஒரு சின்ன நூல் எழுதியிருக்கார். நம்பிக்கையாளனோட இதயத்துல அல்லா ஏழு கோட்டை கட்டி வச்சிருக்கான், ஒண்ணைச் சுத்தி ஒண்ணு. நடுவுல மாணிக்கம், அதைச் சுத்தி தங்கம், அப்புறம் வெள்ளி, இரும்பு, பித்தளை, படிகாரம், எல்லாத்துக்கும் வெளிய சுட்ட மண்ணு. ஷைத்தான் மதிலுக்கு வெளிய நின்னு நாய் மாதிரி குரைச்சுக்கிட்டு இருப்பான். ஏழுக்கு ஏழு, நடுவுக்கு நடு, பாம்புக்குப் பதிலா நாய், அவ்ளோதான் வித்தியாசம். 670 வருஷம் முன்னாடி! அப்ப தெரசம்மா காப்பி அடிச்சாங்களா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சந்தேகசாமி
காப்பிங்கற வார்த்தைய முதல்ல கீழ வைங்க தம்பி. அவிலான்ற ஊர் படம் பாத்திருக்கீங்களா, ஊரையே சுத்தி ரெண்டரை கிலோமீட்டர் மதில், எண்பது சொச்சம் கொத்தளம், அந்த மதிலுக்குள்ள வளந்த பொண்ணு ஆன்மாவ கோட்டைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்லும்? அந்த நாட்டுக்குப் பேரே காஸ்டீல், அதாவது கோட்டை நாடு. அதுபோக சின்ன வயசுல அவங்களும் அவங்க அம்மாவும் வீரசாகச நாவல் பைத்தியம், அப்பாவுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சு படிப்பாங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அந்த நாவல்ல எல்லாம் பக்கத்துக்கு ஒரு கோட்டை வரும்.

ஒரே மாதிரி இருக்குங்கறதால ஒண்ணுல இருந்து ஒண்ணு வந்துச்சுன்னு சொன்னா, பைபிள்ல இருக்கற உன்னதப்பாட்டையும் நம்ம ஆண்டாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. காதலனைத் தேடி ராத்திரி தூங்காம தவிக்கறது, தோழிகிட்ட புலம்பறது, எல்லாம் இருக்கு. யாரு யாரைப் பாத்து எழுதினாங்க?

மழைக்காகம்
ஆண்டாள் பாயிண்ட் சரிதான் அண்ணே, ஆனா ஏழு? கோட்டை சரி, ஏன் ஏழு? ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கற ஏழு? நிஜக் கோட்டை அப்படி இருக்காதே.

சந்தேகசாமி
ஏழு எங்கதான் இல்ல? ஏழு அருட்சாதனம், ஏழு தலையான பாவம், வாரத்துக்கு ஏழு நாள். இதுக்கெல்லாமா பாக்தாத் போவாங்க.

காயல்பாய்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரெண்டு பேரும் சொல்றதுல பாதிப் பாதி இருக்கு. நூரியோட அந்த நூல் இஸ்தான்புல்ல கையெழுத்துப் பிரதியா கிடந்துச்சு, அதை 1968-ல பதிப்பிச்சது யாரு தெரியுமா? பால் ந்விய்யா, ஈராக்ல பிறந்த இயேசு சபை சாமியார்! சூஃபி நூலை மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தது ஒரு கத்தோலிக்க குரு. அதுக்கப்புறம் போர்ட்டோரிகோவைச் சேர்ந்த லூசே லோபெஸ் பரால்ட் அம்மா அதை தெரேசாவோட பக்கத்துல வச்சு விரிவா எழுதினாங்க.

ஆனா இந்த ஆராய்ச்சியோட தாத்தா மிகேல் அசின் பலாசியோஸ். அவரும் ஸ்பெயின் நாட்டு பாதிரியார்தான், அரபு பேராசிரியர். 1933-ல அவர் எழுதின கட்டுரை தெரேசாவைப் பத்தி இல்ல, அவங்களோட சேந்து கார்மேல் சபைய சீர்திருத்தின துறவி சிலுவை அருளப்பரைப் பத்தி. அருளப்பரோட 'ஆன்மாவின் இருண்ட இரவு' இருக்குல்ல, அந்த யோசனைக்கு முன்னோடி ரோந்தா ஊர் இப்னு அப்பாத்னு சொன்னார். இப்னு அப்பாத் 1333-ல ஸ்பெயின்ல ரோந்தாவுல பிறந்து, மொராக்கோ போயி, ஃபெஸ் நகரத்து கரவிய்யீன் பள்ளிவாசல்ல இமாமா இருந்து 1390-ல மறைஞ்சவர். ஷாதுலிய்யா தரீக்கா, அதாவது ஷாதுலிய்யாங்கற சூஃபி வழியைச் சேர்ந்தவர்.

இதுல எனக்கு சொந்த ஆர்வம் என்னன்னா எங்க ஊர்லயும் ஷாதுலிய்யாதான். சின்ன புள்ளைல வாப்பா கைய புடிச்சுக்கிட்டு திக்ரு மஜ்லிஸுக்கு, அதான் அல்லா பேரைச் சேந்து ஓதற கூட்டத்துக்கு, போவேன். வெள்ளை விரிப்பு, ஊதுபத்தி புகை, வட்டமா நிப்பாங்க, முதல்ல மெதுவா ஆரம்பிக்கும், அப்புறம் மூச்சும் பேரும் ஒண்ணாயி சொல்லே கேக்காது மூச்சு மட்டும்தான் கேக்கும். எனக்கு பயமா இருக்கும், வாப்பா சட்டைய இறுக்கி புடிச்சுக்குவேன், வேர்வையில சட்டை ஈரமா இருக்கும். எல்லாம் முடிஞ்சு ஷெய்கு ஒரு வரி சொல்லி விளக்குவாரு. அந்த வரியெல்லாம் 'ஹிகம்' நூல்ல இருந்து, எழுதினவர் இப்னு அதாவுல்லாஹ், கெய்ரோவுல 1309-ல மறைஞ்சவர். அந்த ஹிகமுக்குத்தான் இப்னு அப்பாத் உரை எழுதினார்.

அதுல ரெண்டு சொல் வரும், கப்ளு, பஸ்து. கப்ளுன்னா நெஞ்சு இறுகிப் போறது, தொழுதாலும் ஒண்ணும் தோணாது, வறண்டு கிடக்கும். பஸ்துன்னா விரியறது, எல்லாம் லேசா சந்தோஷமா இருக்கும். நாம எல்லாரும் பஸ்துதான் கேப்போம். ஹிகம் என்ன சொல்லுதுன்னா, விரிவோட பகல் வெளிச்சத்துல உனக்குக் கிடைக்காதது சிலநேரம் இறுக்கத்தோட இரவுலதான் கிடைக்கும்னு. இரவு! அருளப்பரைப் படிச்சவங்களுக்கு இது எங்கயோ கேட்ட குரலா இருக்காதா?

மழைக்காகம்
பாய், மயிர் கூச்செறியுது. அருளப்பர் அந்த இருட்டை சும்மா கற்பனையா எழுதலை. 1577 டிசம்பர் 2 ராத்திரி அவரோட சபை ஆளுங்களே அவரைப் புடிச்சு தொலேதோவுக்கு கொண்டுபோயி மடத்துலயே அடைச்சாங்க, சீர்திருத்தம் பேசினதுக்குத் தண்டனை. அகலம் 6 அடி, நீளம் 10 அடி, ஒரு சின்ன உள்ளறை. மேல சுவத்துல மூணு விரல் அகலத்துல ஒரு பிளவு, வெளிச்சம் அவ்ளோதான். ஒன்பது மாசம். செபப் புத்தகம் படிக்கணும்னா ஸ்டூல் மேல ஏறி அந்தக் கீத்து வெளிச்சத்துல பிடிக்கணும். 'ஆன்மீகப் பாடல்' முக்கால்வாசி அங்கதான் மனசுக்குள்ளயே கட்டினார். 1578 ஆகஸ்ட்ல போர்வைய கிழிச்சு கயிறாக்கி ஜன்னல் வழியா தப்பிச்சார்.

இன்னொண்ணு, தெரேசா உள்ளக் கோட்டைய அதே வருஷம் ஜூன் 2-ல அதே தொலேதோவுலதான் எழுத ஆரம்பிச்சு, நவம்பர் 29-ல அவிலாவுல முடிச்சாங்க. மூணு நாள் கழிச்சு இவரைத் தூக்கிட்டாங்க.

சந்தேகசாமி
பாய் எழுதினது அழகா இருக்கு, நான் ஒத்துக்கறேன், ஆனா அழகா இருக்கறது ஆதாரம் ஆகாது. கடவுளை இருட்டுல சந்திக்கறதுங்கறது கிறிஸ்தவத்துல இஸ்லாம் பிறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. மோசே மலையில கார்மேகத்துக்குள்ள போனதை வச்சு நிஸ்ஸா கிரகோரியார் 4-ம் நூற்றாண்டுலயே எழுதிட்டார். அப்புறம் தியோனிசியுஸ்ங்கற பேர்ல சிரியாப் பக்கம் எழுதினவர் 'இருளின் கதிர்'னு சொன்னார், அருளப்பர் அதை பேர் சொல்லியே எடுத்தாள்றார். கையில இருக்கறதை விட்டுட்டு ஏன் மொராக்கோவுக்கு போகணும்?

அடுத்து, எப்படிப் போச்சு? இப்னு அப்பாத் நூல் லத்தீன்லயோ ஸ்பானிஷ்லயோ அப்ப இல்ல. அருளப்பருக்கு அரபு தெரியாது. 1500 வாக்குல கிரனாதாவுல கர்தினால் சிஸ்னேரோஸ் அரபு நூல்களை நடுத்தெருவுல குவிச்சு கொளுத்தினார். 1567-ல அரபு பேசறதுக்கே தடை. மதத்துக்கு விரோதமானவங்கள விசாரிச்சு தண்டிக்கற விசாரணை மன்றம் வாசல்ல நிக்குது. இந்தச் சூழல்ல ஒரு துறவி சூஃபி நூல் எப்படிப் படிப்பார்?

கார்மேல்குயில்
நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதறதில்ல, ஆனா இந்தக் கேள்விக்கு கை சும்மா இருக்க மாட்டேங்குது. சந்தேகசாமி சார், நீங்க 'நூல் நூல்'னே தேடறீங்க. எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா அவங்க சொன்ன பழமொழில பாதி எந்த ஏட்டுல இருந்து இறங்கி வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? வாய்வழியா போனதுக்கு ரசீது கிடைக்காது.

அருளப்பர் 1542-ல ஃபோன்திவேரோஸ்ல பிறந்தவர். அப்பா சீக்கிரமே போயிட்டார், அம்மா கத்தலினா தறி நெய்து பிள்ளைகளைக் காப்பாத்தினாங்க, வறுமை தாங்காம அரேவாலோங்கற ஊருக்கு குடி போனாங்க, அங்க கொஞ்ச வருஷம் இருந்துட்டு அப்புறம் மெதினா. இந்த அரேவாலோவுல அப்ப மொரிஸ்கோக்கள் நிறைய, அதாவது கட்டாயமா ஞானஸ்நானம் வாங்கின முஸ்லிம் குடும்பங்க. அவங்க ஸ்பானிஷ் பேச்சை அரபு எழுத்துல எழுதி ஒளிச்சு வச்சாங்க, நம்ம அரபுத்தமிழ் மாதிரியேதான். அந்த ரகசிய எழுத்தாளர்கள்ல முக்கியமான ஒருத்தர், பேர் வெளிய தெரியாது, 'அரேவாலோ இளைஞன்'னுதான் சொல்லுவாங்க. அதே ஊரு, அருளப்பர் குடும்பம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி காலம். தறிக்காரங்க, தச்சருங்க, கொத்தனாருங்க எல்லாம் ஒரே தெரு. பையன் காதுல என்னென்ன விழுந்துச்சோ.

இது நிரூபணம்னு நான் சொல்லலை. 'போயிருக்க முடியாது'ன்னு நீங்க சொன்னதுக்கு மட்டும்தான் பதில்.

இன்னொண்ணும் சொல்லணும், இது மழைக்காகம் தம்பிக்கு. தெரேசாவோட தாத்தா ஹுவான் சான்செஸ் யூதரா இருந்து மதம் மாறினவர், 1485-ல தொலேதோ விசாரணை மன்றம் அவருக்கு பிராயச்சித்தம் விதிச்சு ஊர்வலமா கோயில் கோயிலா நடக்க விட்டுச்சு. யூத மறைஞானத்துலயும் ஏழு அரண்மனை தாண்டி சிம்மாசனத்துக்கு போற கதை இருக்கு, ரொம்பப் பழசு. அப்ப ஏழு அங்க இருந்தும் வந்திருக்கலாம்ல? மூணு மதமும் ஒரே கிணத்துல தண்ணி சேந்தின ஊர் அது, எந்த வாளி யாருதுன்னு பிரிக்கறது கஷ்டம்.

ஒளிவிளக்கு
வேதத்துல எங்கயும் இப்படி கண்ணை மூடி மூச்சை இழுத்து தியானம் பண்ண சொல்லலை. தெரேசாவே தப்பு, அதுல சூஃபி வேறயா. கள்ள உபதேசத்துக்கு விலகி இருங்க.

மட்டுறுத்துநர்
ஒளிவிளக்கு, கருத்து சொல்லியாச்சு, போதும். சரியா தப்பான்ற விவாதத்துக்கு 'நம்பிக்கை' பகுதி இருக்கு, இங்க வரலாறு. இதுக்கு யாரும் பதில் போட வேண்டாம்.

பனங்கூடல்
நான் ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். எல்லாரும் ஸ்பெயினைப் பிடிச்சுக்கொண்டு தொங்கிறியள், ஆதாரம் இல்லை ஆதாரம் இல்லை எண்டு சண்டை. ஆதாரம் கிடக்கிற இடத்தை ஒருத்தரும் பார்க்கேல்லை. சிரியாக் மொழியிலை வழிபடுற சுரியானி திருச்சபைப் பக்கம் வாங்கோ.

பார் எப்ராயா எண்டு ஒருத்தர், 1226-ல மெலித்தீனிலை, இப்ப துருக்கியிலை மலாத்தியா எண்டு சொல்லுற இடத்திலை பிறந்தவர். தகப்பன் வைத்தியர். மங்கோலியர் வந்து எல்லாத்தையும் துவைச்ச காலம். இவர் சுரியானி ஒர்தொடொக்ஸ் சபையிலை 1264-ல மஃப்ரியான் ஆனவர், பேட்ரியார்க்குக்கு அடுத்த பதவி. சிரியாக், அரபு, பாரசீகம் எல்லாம் தண்ணி பட்ட பாடு. 1279-ல ஈரானிலை மராகாவிலை இருந்துகொண்டு 'எத்திக்கோன்' எண்டு ஒரு பெரிய நூல் எழுதினவர், கிறிஸ்தவன் எப்பிடிச் செபிக்கிறது, எப்பிடிச் சாப்பிடுறது, கோவம் பெருமை எல்லாத்தையும் எப்பிடி மனசிலை இருந்து கழுவுறது, கடைசியிலை கடவுள்மேலை காதல். இப்ப காயல்பாய் சொல்லுங்கோ, இந்த ஒழுங்கு உங்களுக்கு எங்கையோ தெரிஞ்ச மாதிரி இல்லையோ?

ஓம், இமாம் கஸ்ஸாலியின்ரை 'இஹ்யா'. நாலு பாகம் எண்டால் நாலு பாகம். கஸ்ஸாலி 1111-ல மறைஞ்சவர், இவர் அந்தப் புத்தகத்தை மேசையிலை விரிச்சு வைச்சுக்கொண்டுதான் எழுதியிருக்கிறார், பந்தி பந்தியாய் ஒத்துப்போகுது. செய்த வேலை என்னெண்டால், நபிமொழி வாற இடத்திலை நற்செய்தி வசனம், சூஃபிகளின்ரை கதை வாற இடத்திலை எகிப்து வனாந்தரத்துத் தவசிகளின்ரை கதை. எலும்புக்கூடு கஸ்ஸாலியினது, தசை சுரியானி. கஸ்ஸாலியின்ரை பேரைச் சொல்லேல்லை, அது வேறை கதை.

அதோடை விடேல்லை. 'புறாவின் புத்தகம்' எண்டு ஒரு சின்ன நூல், குரு கிடைக்காத தனித்துறவிகளுக்கு வழிகாட்டி. அதுக்குள்ளை தன்ரை கதையைச் சொல்லுறார், எல்லாக் கலையும் படிச்சன், கிரேக்க தத்துவம் முழுக்க நீந்தினன், கடைசியிலை மூழ்கிச் சாகப் பாத்தன், துறவிகளின்ரை எழுத்துத்தான் கரையேத்தினது எண்டு. கஸ்ஸாலி 1095-ல பாக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்திலை பாடம் நடத்திக்கொண்டு இருக்கேக்கை நாக்கு எழும்பாமல் போய், வேலையை விட்டிட்டு வெளிக்கிட்டாரே, அந்தத் தன்வரலாற்றின்ரை அச்சு அப்பிடியே இதிலை இருக்கு. ஒருத்தற்றை நெஞ்சு உடைஞ்ச கதையை வாசிச்சுப்போட்டு அந்த வடிவத்திலை தன்ரை நெஞ்சு உடைஞ்ச கதையைச் சொல்லுறது. எனக்கு இதைவிடப் பெரிய செல்வாக்கு என்ன எண்டு விளங்கேல்லை.

1286-ல மராகாவிலை அவர் செத்த நேரம் நெஸ்தோரியர், ஆர்மீனியர், கிரேக்கர் எல்லாரும் வந்து அழுதவையாம், சந்தை அண்டைக்கு நடக்கேல்லை. உயிரோடை இருக்கேக்கை இந்தச் சபைகள் ஒருத்தரோடை ஒருத்தர் முகம் குடுத்துக் கதைக்கிறது அருமை.

காயல்பாய்
பனங்கூடல், நீங்க எங்க இருந்தீங்க இத்தனை நாளு! இஹ்யாவை நான் கொஞ்சம் படிச்சிருக்கேன், அதுல இன்னொரு பக்கம் சொல்றேன் கேளுங்க. கஸ்ஸாலி அந்த நூல்ல ஈஸா நபி (இயேசு) சொன்னதா எத்தனை எத்தனை வாக்கு எடுத்துப் போட்டிருக்கார், அதுல நிறைய துறவு பத்தினது, உலகம் ஒரு பாலம் கடந்து போ அதுமேல வீடு கட்டாதேங்கற ரகம். அதுக்கும் முன்னாடி, ஆரம்பகால சூஃபிகள் ஈராக் சிரியா பாலைவனத்துல கிறிஸ்தவ ராஹிபுகளைப் போய்ப் பாத்து கேள்வி கேட்ட கதைகள் எங்க நூல்கள்லயே நிறைய இருக்கு. 'சூஃப்'னா கம்பளி, முரட்டுக் கம்பளி உடுத்தினது அந்தத் துறவிங்களும்தான். சுரியானித் துறவி நினிவே ஈசாக் 7-ம் நூற்றாண்டு, இன்னிக்கு கத்தார்னு சொல்ற பக்கத்துல பிறந்தவர், அவர் கண்ணீரைப் பத்தி எழுதினதும் பஸ்ரா சூஃபிங்க கண்ணீரைப் பத்தி சொன்னதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அப்ப இவங்க கொடுத்தது அவங்ககிட்ட போயி, பழுத்து, திரும்பி இவங்ககிட்டயே வந்திருக்கு. கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி.

சந்தேகசாமி
பார் எப்ராயா விஷயத்துல நான் வாயை மூடிக்கறேன். இது ஆதாரம். மேசையில நூல், பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடலாம், இப்படித்தான் இருக்கணும்.

இந்த ரகத்துல மேற்குலயும் ஒருத்தர் உண்டு, நானே எடுத்துக் கொடுக்கறேன். மயோர்க்கா தீவு ரமோன் லுல், சுமார் 1232-ல பிறந்தவர். 'அன்பனும் அன்புக்குரியவரும்'னு ஒரு நூல், வருஷத்துக்கு நாளுக்கு ஒண்ணா குட்டி குட்டி வரிகள், கடவுளைக் காதலிக்கறவனோட பேச்சு. ஒரு பறவை தோட்டத்துல பாடும், அன்பன் அதுகிட்ட நம்ம பாஷை ஒருத்தருக்கொருத்தர் புரியலைன்னா காதலால புரிஞ்சுக்குவோம்ங்கற மாதிரி சொல்லுவான். இதை எழுதறதுக்கு முன்னாடி கதைல ஒரு விளக்கம் வருது: சாரசேனர்கள்ல, அதாவது முஸ்லிம்கள்ல, சூஃபிகள்னு பக்திமான்கள் இருக்காங்க, அவங்ககிட்ட காதல் வார்த்தைகளும் சின்னச் சின்ன உதாரணங்களும் இருக்கு, அதைக் கேட்டா பக்தி பெருகும், அந்த முறையில எழுதலாம்னு. சூஃபிங்கற பேரையே சொல்லிட்டார்! 1283 வாக்குல. யாரும் ஊகம் பண்ண வேண்டியதே இல்ல.

மழைக்காகம்
அடேங்கப்பா. அவருக்கு அரபு யார் சொல்லிக் கொடுத்தா?

தராசு
அதைக் கேட்டீங்கல்ல, அதையும் சொல்லுங்க யாராவதுன்னு காத்துட்டு இருந்தேன். லுல் ஒரு முஸ்லிம் அடிமைய விலைக்கு வாங்கினார். ஒன்பது வருஷம் அந்த ஆள்கிட்ட அரபு படிச்சார். ஒருநாள் அந்த அடிமை கிறிஸ்துவைப் பழிச்சுப் பேசினார்னு லுல் அவரை அடிச்சார், கொஞ்ச நாள் கழிச்சு அவர் கத்தியால லுல்லை குத்த வந்தார், புடிச்சு சிறையில போட்டாங்க, என்ன செய்யறதுன்னு லுல் செபம் பண்ணி யோசிச்சுட்டு திரும்பி வர்றதுக்குள்ள அந்த மனுஷன் தன்னைக் கட்டியிருந்த கயித்துலயே தொங்கிட்டார். லுல் வயசான காலத்துல சொல்லச் சொல்ல எழுதின வாழ்க்கைக் கதையிலயே இது இருக்கு. அந்த அடிமையோட பேர் இல்ல.

அதனால நீங்க எல்லாரும் தாம்பாளம் கிணறுன்னு பேசறது எனக்கு கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தியா படுது. லுல் 1276-ல மிராமார்ல மடம் வச்சு 13 பிரான்சிஸ்கன் துறவிங்களுக்கு அரபு சொல்லிக் கொடுத்தது முஸ்லிம்களை மதம் மாத்த. சிஸ்னேரோஸ் கொளுத்தினது பத்தி மேல வந்தாச்சு. 1609-ல இருந்து 1614 வரைக்கும் மொரிஸ்கோக்களை ஒட்டுமொத்தமா கப்பல்ல ஏத்தி நாடு கடத்தினாங்க, தெரேசாவும் அருளப்பரும் செத்து ஒரு தலைமுறை கூட முழுசா ஆகலை. ஒருத்தனோட இரவை எடுத்து வச்சுக்கிட்டு அவனோட வீட்டைப் புடுங்கறதும் செல்வாக்குல சேரும்.

கார்மேல்குயில்
தராசு சொன்னதுக்கு மறுப்பு இல்ல. அந்தப் பேரில்லாத மனுஷனை நினைச்சு நேத்து ராத்திரி எனக்கு செபத்துல மனசு நிக்கலை, உண்மையைச் சொல்றேன்.

பேரில்லாம போன இன்னொருத்தரையும் சொல்லிடறேன். பிரெஞ்சு ராஜா புனித லூயி சிலுவைப்போர்ல தோத்துட்டு அக்கர் நகரத்துல இருந்தப்ப டமாஸ்கஸுக்கு தூது அனுப்பினார். கூடப் போனவர் ஈவ் லெ பிரெத்தோன், அரபு தெரிஞ்ச தோமினிக்கன் துறவி. அங்க தெருவுல ஒரு கிழவி, வலது கையில நெருப்புச் சட்டி, இடது கையில தண்ணிக் குப்பி. எதுக்கும்மான்னு கேட்டார். நெருப்பை வச்சு சொர்க்கத்தை எரிப்பேன், தண்ணிய வச்சு நரகத்தை அணைப்பேன், அப்புறம் ஆசைக்கோ பயத்துக்கோ இல்லாம கடவுளுக்காகவே கடவுளை நேசிப்பாங்கல்லன்னாளாம். லூயியோட கூடவே இருந்த ஜுவான்வீல் இதை தன் நூல்ல எழுதி 1309-ல முடிச்சு அரச குடும்பத்துக்குக் கொடுத்தார்.

காயல்பாய்
அக்கா, அது பஸ்ராவுல 801-ல மறைஞ்ச ராபியா அம்மா கதை! எங்க வீட்ல உம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க.

கார்மேல்குயில்
அதேதான் பாய். ராபியா பேரு உதிர்ந்து போச்சு, சட்டியும் குப்பியும் மட்டும் பாரிஸ் வந்து சேந்துச்சு. அதைக் கொண்டு வந்தது ஒரு சிலுவைப்போர் ராஜாவோட தூதர்ங்கறதுதான் கூத்து. பின்னாடி 1641-ல ஜான் பியேர் காமுன்னு ஒரு பிரெஞ்சு ஆயர், கைம்மாறு எதிர்பாக்காத அன்பு பத்தி எழுதின நூலுக்கு இந்தக் கிழவியைத்தான் நாயகியா வச்சார்.

பரங்கிமலை ரயில்
சூப்பர் இழை. 20-ம் நூற்றாண்டுக்கு யாரும் வரலையே, தாமஸ் மெர்ட்டன்? அமெரிக்கா கெண்டக்கி கெத்செமனி மடத்து டிராப்பிஸ்ட் துறவி. கதை இப்படி போகுது: சிலுவை அருளப்பரைப் பத்தி மெர்ட்டன் எழுதின நூலை கராச்சில அப்துல் அஜீஸ்னு ஒருத்தர் படிக்கிறார், சூஃபி ஈடுபாடு உள்ளவர். பிரெஞ்சு அறிஞர் மாசினியோன் கிட்ட மெர்ட்டன் முகவரி வாங்கி 1960-ல கடிதம் போடறார். எட்டு வருஷம் கடிதம் போகுது வருது, ரெண்டு பேரும் நேர்ல பாத்ததே இல்ல. அஜீஸ் விடாம நீங்க எப்படித்தான் செபிக்கறீங்க சொல்லுங்கன்னு கேட்க, மெர்ட்டன் 1966 ஜனவரி 2-ம் தேதி கடிதத்துல சொல்றார். யாருக்கும் சொல்லாத விஷயம். கடவுளைப் பாக்கற மாதிரியே அவர் முன்னாடி இருக்கறதுன்னு நபி சொன்னாரே அந்த மாதிரின்னு விளக்கறார். ஒரு டிராப்பிஸ்ட் துறவி தன் சொந்த செபத்தைச் சொல்ல ஹதீஸை எடுக்கறார்! அதே வருஷம் வெளிவந்த தொகுப்புல இப்னு அப்பாத்தைப் படிச்சு எழுதின கவிதையும் இருக்கு, பாய் சொன்ன அதே ரோந்தாக்காரர். அப்புறம் மடத்துல சக துறவிங்களுக்கு சூஃபிகள் பத்தி வாரா வாரம் பேசினார், ஒலிநாடாவா இருக்கு.

மாசினியோனும் லேசுப்பட்ட ஆள் இல்ல, 922-ல பாக்தாத்ல கொல்லப்பட்ட சூஃபி ஹல்லாஜைப் பத்தி வாழ்க்கை முழுக்க எழுதினவர், நம்பிக்கையே இல்லாம இருந்தவர் 1908-ல ஈராக்ல வச்சு கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார், தன்னைத் திருப்பினதுல ஹல்லாஜுக்கும் பங்கு உண்டுன்னு நம்பினார். மனுஷனோட நெஞ்சுக்கு நடுவுல யாரும் தொடாத ஒரு புள்ளி இருக்குன்னு அவர் ஹல்லாஜ் கிட்ட இருந்து எடுத்த சொல்லைத்தான் மெர்ட்டன் தன்னோட ரொம்பப் பிரபலமான பக்கத்துல பயன்படுத்தினார்.

மெர்ட்டன் 1968 நவம்பர் கடைசில மெட்ராஸ் வந்து எங்க பரங்கிமலை, மாமல்லபுரம் எல்லாம் பாத்துட்டு இலங்கை போயி, டிசம்பர் 10-ம் தேதி பாங்காக்ல போயிட்டார். நான் தினம் அந்த மலையைப் பாத்துட்டே ரயில் ஏறறேன், யாருக்கும் தெரியாது.

தராசு
மெர்ட்டன் விஷயத்துல எனக்குப் பிடிச்சது வேற. அஜீஸுக்கு மூவொரு கடவுள் கொள்கை ஏத்துக்க முடியலை, எழுதிக் கேட்டார். மெர்ட்டன் மழுப்பலை, எல்லாம் ஒண்ணுதான்னும் சொல்லலை. கொள்கை வேறுபடற இடத்துல வாதம் பண்ணா வார்த்தைக்குள்ள மாட்டிக்குவோம், அவரவர் பட்ட அனுபவத்தைப் பேசுவோம்ங்கற அர்த்தத்துல பதில் எழுதினார். ஜெயிக்கணும்னு நினைக்காத ரெண்டு பேர்.

பனங்கூடல்
அல்ஜீரியாவிலை திபிரின் மடத்துத் துறவிகளையும் ஒருக்கா நினைப்பம். மடத்துத் தலைவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே, பக்கத்து மெதேயா ஊர் அலவிய்யா தரீக்கா ஆக்களோடை சேர்ந்திருந்து செபிச்சவர், வாதமில்லை, மௌனம். ஒரு முஸ்லிம் நண்பர் தங்கடை சந்திப்புகளுக்கு 'எங்கடை கிணறு தோண்டுற வேலை' எண்டு பேர் வைச்சிருந்தவராம். அடியிலை என்ன வரும், முஸ்லிம் தண்ணியோ கிறிஸ்தவத் தண்ணியோ எண்டு ஷெர்ஜே பகிடியாக் கேட்க, அந்தாள் கொஞ்சம் மனம் நொந்து, இவ்வளவு நாள் ஒண்டா நடந்தும் இதையோ கேக்கிறாய், அடியிலை கிடக்கிறது கடவுளின்ரை தண்ணி எண்டவர். 1996-ல ஏழு துறவிகளையும் கடத்திக் கொலை செய்துபோட்டாங்கள்.

மழைக்காகம்
நான் போட்ட தலைப்பு எவ்ளோ சின்னப்புள்ளத்தனமா இருக்குன்னு இப்ப தெரியுது. மட்டுறுத்துநர் மாத்த விடுவாரா? ஆபீஸ் நண்பருக்கு இந்த இழைய அனுப்பிட்டேன், பார் எப்ராயா வரைக்கும் படிச்சுட்டு "எங்க ஆளு உங்க ஆளுன்னு சொன்னது என் தப்பு, அடுத்த டீ என் கணக்கு"ன்னு பதில் போட்டார். கார்மேல்குயில் அக்கா, உள்ளக் கோட்டை வாங்கியாச்சு, முதல் பக்கத்துல இருந்தே படிக்கணுமா?

கார்மேல்குயில்
பொறுமை இல்லைன்னா நாலாவது மாளிகைல ஆரம்பிங்க. ரெண்டு தொட்டி வரும். ஒண்ணுக்கு ரொம்ப தூரத்துல இருந்து வாய்க்கால் வெட்டி சத்தத்தோட தண்ணி கொண்டு வர்றாங்க, இன்னொண்ணு ஊத்து மேலயே கட்டினது, சத்தமே இல்லாம நிறையுது. அதுக்கு அடுத்த அத்தியாயத்துல, ஆன்மா உள்ள ஒடுங்கறது முள்ளெலியோ ஆமையோ தன்னை உள்ள இழுத்துக்கற மாதிரின்னு எங்கயோ படிச்ச ஞாபகம், எழுதினவருக்கு அது நல்லாப் புரிஞ்சிருக்கும்னு தெரசம்மாவே சொல்றாங்க. எங்கன்னு அவங்களுக்கே ஞாபகம் இல்ல! அது ஓசுனாங்கற ஸ்பெயின் நாட்டு பிரான்சிஸ்கன் துறவியோட 1527-ம் வருஷ நூல்ல இருந்து, சித்தப்பா கொடுத்தது. சந்தேகசாமி சாருக்கு இது சந்தோஷமா இருக்கும்.

சந்தேகசாமி
ரொம்ப சந்தோஷம். ஆனா ஆமைன்னதும் எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. "ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல் ஆற்றின்"னு நம்ம அய்யன் எப்பவோ சொல்லிட்டாரே. அப்ப ஓசுனா...

மழைக்காகம்
அண்ணே வேணாம் அண்ணே, நீங்களே ஆரம்பிக்காதீங்க.